மருந்தடிக்கும் முன் காரணத்தைப் பாருங்கள்: கோலாலம்பூர் மழையில் காய்கறிச் சேதத்தைக் குறைக்கும் வழிகள்

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டித் தீர்க்கும். செந்தூல், கெப்போங் பக்கம் வீட்டோரத்தில் மிளகாயும் கத்தரியும் பாகலும் போடுகிறவர்களுக்கு நேரும் சேதங்களில் பலவற்றுக்கு வழிவிடுவது இந்த ஈரம்தான். ஆனால் ஓர் இலை சுருண்டால் போதும், கை உடனே மருந்துப் புட்டிக்குப் போகிறது. வாடல் நோய்க்குப் பூச்சிமருந்து அடித்தால் காசும் போகும், செடியும் போகும், அசுவினியைத் தின்று உதவும் பொறிவண்டும் சாகும்.

முதலில் பாத்தி. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம் வேண்டும். மழை நின்று அரை மணி நேரத்துக்குப் பிறகும் வாய்க்காலில் தண்ணீர் தேங்கியிருந்தால் சரிவு போதவில்லை என்று அர்த்தம். பாலிபேக்கில் வளர்ப்பவர்கள் பையைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால் அடித்துளை அடைபட்டு வேர் அழுகும்.

நம் வட்டார மண் பெரும்பாலும் புளிப்பு மண். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு காய்கறிக்கு 6 முதல் 6.5 வரை இருந்தால் பொருந்தும். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளை மேல்மண்ணில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை கிளறி, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இட்டுவிட வேண்டும். அதே நாளில் யூரியாவோ கோழி எருவோ போடாதீர்கள். சுண்ணாம்போடு சேர்ந்தால் அவற்றிலுள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மக்காத கோழி எரு எப்போதுமே வேண்டாம், அது வேரைச் சுட்டுவிடும்.

பச்சையாகவே வாடினால்

நேற்று வரை நன்றாக இருந்த மிளகாய்ச் செடி, இலை மஞ்சளாகாமல், ஈரமான மண்ணிலேயே தலை தொங்குகிறதா? நடுப்பகலில் வாடி மாலையில் ஓரளவு நிமிர்ந்து, சில நாளில் மொத்தமாகச் சாய்ந்தால் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரின் மேற்பரப்பில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். இழை இறங்காமல் அடித்தண்டு பழுப்பாக நைந்திருந்தால் பூஞ்சண அழுகலாக இருக்கலாம்; வடிகாலைச் சரிசெய்தால் மற்ற செடிகளைக் காப்பாற்ற முடியும்.

பாக்டீரியா வாடலுக்கு மருந்து இல்லை. இதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறோமோ அவ்வளவு செடிகள் மிஞ்சும். வாடிய செடியை வேரோடும் சுற்று மண்ணோடும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்; வாய்க்காலில் எறிந்தால் தண்ணீரே நோயை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும். கத்தியையும் மண்வெட்டியையும் மண் போகக் கழுவி, ஒரு பங்கு குளோராக்ஸ் வெளுப்பானுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் நனைத்தெடுங்கள். அந்த இடத்தில் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் சில ஆண்டுகளுக்கு நடாதீர்கள். சோளமோ கங்கோங் கீரையோ போடலாம். தக்காளியையும் கத்தரியையும் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டினால் இந்த நோயை நன்கு தாங்கும்.

இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?

ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள்; மெல்லிய மஞ்சள் கீற்றுகள் ஓடும். கீழ்நோக்கிச் சுருண்டு, கொழுந்து ஒடுங்கி, அடிப்புறம் செம்பு நிறமானால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். இலை மஞ்சள் திட்டாகிச் சிறுத்து, செடியே குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் 1 மில்லி பாத்திரச் சோப்பும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். சிலந்திப்பேனுக்குத் தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். இவை எல்லாவற்றையும்விட முன்னால் செய்ய வேண்டியது, வெள்ளிநிறப் பிளாஸ்டிக் விரிப்பைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி பாத்தியில் விரிப்பது. எதிரொளிக்கும் வெளிச்சம் பூச்சிகளைக் குழப்பும், மண் தெறிப்பதையும் தடுக்கும்.

அந்தத் தெறிப்புதான் மிளகாய்ப் பழ அழுகலுக்கும் ஒரு வழி. பழத்தில் வட்டமாகக் குழி விழுந்து உள்ளே வளையம் வளையமாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். மழைத்துளியோடு பழத்துக்குப் பழம் பரவும். அழுகியதைச் செடியடியில் விடாமல் அன்றே பொறுக்குங்கள். சொந்த விதை என்றால் 52 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, ஆறவைத்து விதையுங்கள். நுனி மட்டும் பழுப்பாகிக் காய்ந்திருந்தால் நோயல்ல, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று தண்ணீர் மாறி மாறிக் கிடைப்பதே அதற்கு முக்கியக் காரணம்.

பாகல், புடலை, பீர்க்குக்குப் பழ ஈ. ஈயை இழுக்கும் மெத்தில் யூஜெனால் என்ற வாசனை வைத்த பொறியை மாட்டிவிட்டு ஈ குறையவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர். அந்த வாசனை கொய்யா, மாம்பழம், நட்சத்திரப் பழத்தைத் தாக்கும் ஈயைத்தான் இழுக்கும். பாகல் ஈக்குக் கியூ-லூர் என்ற வேறு வாசனையைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டுமே ஆண் ஈயை மட்டும் பிடிப்பவை, முட்டையிடுவதோ பெண் ஈ. அதனால் காய் விரல் அளவு ஆனதும் காகிதப் பையோ பழைய நாளிதழோ சுற்றிவிடுவதே உறுதியான காப்பு. புழு விழுந்த காயைக் குப்பைக்குழி உரத்தில் சேர்க்காமல், கறுப்புப் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள்.

கடையில் வாங்கிய மருந்தைத்தான் அடித்தாக வேண்டும் என்றால், லேபிளில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்கச் சொல்கிறது என்று பார்த்து அடியுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கும் வெண்டைக்கு, ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்து ஒத்துவராது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் பழைய புட்டி கொட்டகையில் கிடந்தால் தொடாதீர்கள். மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது.

பறித்த பிறகும் சேதம் உண்டு. பனி உலர்ந்த காலையில், காம்போடு வெட்டி, கழுவாமல் நிழலில் பரப்புங்கள். கத்தரியும் வெண்டையும் பாகலும் குளிர் தாங்காதவை. 4 டிகிரி குளிர்ப்பெட்டியில் சில நாள் இருந்தால் தோலில் குழி விழும், கத்தரி விதை கறுக்கும். வெளியே நிழலில் வைத்து இரண்டு நாளில் சமைத்துவிடுங்கள். கீரைக்கு மட்டும் அந்தக் குளிர் நல்லது. ஈரத்தை உதறி, துளையிட்ட பையில் போட்டு உள்ளே வையுங்கள்.