சிப்பியைச் சுத்தம் செய்கிறேன் என்று கரைத்துவிடாதீர்கள்

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் சோழியையும் மாலையாகவோ போட்டோ ஃபிரேமாகவோ ஆக்கும் ஆசையில் பலரும் முதலில் தேடுவது வினிகர், எலுமிச்சை, புளி. குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் புளி சிப்பியையும் பளிச்சென்று ஆக்காதா என்பது நியாயமான யோசனைதான். ஆனால் சிப்பி ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுத்தார்கள்! புளிப்பு பட்டால் அழுக்கோடு ஓடும் சேர்ந்து கரையும்.

சந்தேகமிருந்தால் ஒரு உடைந்த கிளிஞ்சலை வினிகரில் போட்டுப் பாருங்கள். மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், ஓடு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. ராத்திரி முழுக்க ஊறவிட்டால் மெல்லிய வரிகள் மழுங்கி, தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். சோழிக்கு இது இன்னும் மோசம். அதன் பளபளப்பு போனால் போனதுதான். அப்புறம் வார்னிஷ் அடித்தால் தெரிவது வார்னிஷின் மினுமினுப்பு மட்டுமே.

கடைச் சங்குகளுக்கு ஆசிட் காட்டுவது உண்டு. அது கெட்டியான ஓட்டுக்கு, கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்வது. வீட்டில் வேண்டாம். பாசியையும் நாற்றத்தையும் போக்க, தண்ணீர் கலந்த பிளீச் போதும். அதிலும் நாள்கணக்கில் ஊறப்போடாமல் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். ஆனால் பிளீச் இருக்கும் வாளியில் பாத்ரூம் ஆசிடையோ வினிகரையோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சையே அடைத்துவிடும்.

நாற்றம் போகவில்லை என்றால் சுருளுக்குள் சதை மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். உடனே கொதிக்கிற தண்ணீரில் தூக்கிப் போடுவார்கள், டப்பென்று மெல்லிய விரிசல் விழும். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு மெதுவாகச் சூடேற்றி, அதே தண்ணீரில் ஆறவிட்டு எடுப்பதுதான் முறை. சோழியைக் கொதிக்கவைக்கவே வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்றி ஊறவைத்தால் போதும், கொஞ்ச நாள் நாறும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் உயிர் இல்லாத ஓட்டுக்கு. காலியாகத் தெரிகிற சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம். பொறுக்கியதை நிழலில் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள், கால் எட்டிப் பார்த்தால் அது கிளம்பிவிடும். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் கையாலேயே தொடாதீர்கள், அது கொட்டினால் விஷம் ஏறும். நாட்டிலஸ் (சுருள் ஓடுள்ள ஒரு கடல் பிராணி), ராட்சதச் சிப்பி போன்ற சில வகைகளுக்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலும் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதையும் பொறுக்க நினைக்காதீர்கள்.

சுத்தம் செய்தாயிற்று, சரி. அடுத்த அவசரம் தேங்காய் எண்ணெய். தடவியதும் நிறம் அழகாக எழும். கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்துத் தூசி ஒட்டும், வாடையும் வரும். எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்கவும் செய்யாது. முதலில் சுருளின் வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து, உள் ஈரம் முழுக்க வடியவிடுங்கள். பிறகு ஒட்டுங்கள். பசை காய்ந்த பின் துணியில் துளி மினரல் ஆயில் தொட்டுத் துடைத்தால் போதும்.

ஓட்டை போடும்போது உலர்ந்த ஓட்டில் துளைக்காதீர்கள், தூள் மூச்சில் ஏறும். துளையிடும் இடத்தை நனைத்துக்கொண்டு, முகக்கவசத்தோடு, கையால் திருகும் துளைக்கருவியில் மெதுவாகச் செய்யலாம். கரண்ட்டில் ஓடும் டிரில்லையும் தண்ணீரையும் சேர்க்காதீர்கள்.

மிச்சச் சிப்பிகளை மர அலமாரியில் மூடி வைப்பதும் சிக்கல்தான். சில மரங்களிலிருந்தும் அட்டைப் பெட்டிகளிலிருந்தும் அமில ஆவி மெல்லக் கசியும். அது பட்டு ஓட்டின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவம் வரும். அருங்காட்சியகங்களையும் படுத்தும் தொல்லை இது, 1899-ல் இதை விவரித்தவரின் பெயரால் பைன் (Byne) நோய் என்கிறார்கள். அலமாரியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால், சிப்பிகளை அலசி, காயவைத்து, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள்.