தோட்டச் சம்பளக் கணக்கை ஏஐ உதவியாளருக்கு ஒரே முறை சொல்லிக்கொடுக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் நிரல் எழுதப் பழகும் பிள்ளையிடம் சீக்கிரமே வந்து சேரும் வேலை இது: செம்பனைக் குத்தகையாளரின் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேட்டை, எக்ஸெலிலிருந்து எடுத்து, ஆளுக்கொரு சம்பளச் சீட்டு அடித்துத் தர வேண்டும். கிளாட் கோட் போன்ற, நிரல் எழுதும் ஏஐ உதவியாளரிடம் கேட்டால் பைத்தானில் எழுதித் தந்துவிடும். ஆனால் ஊழியர் சேமநிதியை, அதாவது ஈபிஎஃப்பை, 11 விழுக்காடு என்று நேராகப் பெருக்கி வைத்துவிடக்கூடும். தவறு என்று சொன்னால் திருத்திக்கொள்ளும். மறுநாள் புதிய உரையாடலில் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதுதான் ஸ்கில். ஒரு கோப்புறை, அதற்குள் விதிகள் எழுதிய ஓர் உரைக்கோப்பு, அவ்வளவே. கிளாட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் இதை அறிமுகப்படுத்தி, அதே ஆண்டு டிசம்பரில் பொதுத் தரமாக வெளியிட்டது. அதனால் அந்தத் தரத்தை ஏற்ற மற்ற உதவியாளர்களும் இதே கோப்பைப் படிக்கும். கோப்புறை வைக்கும் இடம்தான் மாறும்.

முதல் படி: விதிகளைத் தாளில் எழுதுங்கள்

கணினியைத் தொடுமுன் இதைச் செய்யுங்கள். ஸ்கில் நன்றாக அமைவதும் வீணாவதும் இங்கேதான். "சேமநிதியைச் சரியாகக் கணக்கிடு" என்று எழுதினால் உதவியாளருக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. அதற்குத் தெரியாததை, எண்ணோடு எழுதுங்கள்.

சேமநிதி, அதன் சட்டத்திலுள்ள மூன்றாம் அட்டவணைப்படி பிடிக்கப்படுகிறது. 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சம்பளம் 20 வெள்ளிப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்தப் படியின் மேல் எல்லைக்கு விழுக்காடு போட்டு, சென் வந்தால் அடுத்த முழு வெள்ளிக்கு ஏற்ற வேண்டும். 60 வயதுக்கு உட்பட்ட குடிமகன் ஒருவருக்கு 1,705 வெள்ளி சம்பளம் என்றால், அது 1,720இல் முடியும் படி. தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 190 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 224 வெள்ளி. நேராகப் பெருக்கினால் 187.55, 221.65 என்று வரும். சீட்டு பார்க்க அழகாக இருக்கும், நிதி வாரியத்தில் கட்டும் தொகையோடு ஒத்துப்போகாது.

வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இரு தரப்பும் 2 விழுக்காடு கட்ட வேண்டும். இது புதிய மாற்றம் என்பதால் உதவியாளரின் நினைவில் இல்லாமலே இருக்கலாம், கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்து, நம் பெயர்களில் வரும் ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கங்கள்). பெயரையே கோப்பின் பெயராக வைத்துச் சீட்டைச் சேமித்தால், நடுவிலுள்ள சாய்கோட்டைக் கணினி கோப்புறைப் பிரிப்பு என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டும். "கோப்புப் பெயரில் சாய்கோட்டை நீக்கு, சீட்டுக்குள் பெயரை அப்படியே அச்சிடு" என்று இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை மட்டும் எழுதினால் சீட்டிலும் பெயர் சிதைந்து வரலாம். ஒருவருடைய பெயர் அவருடைய சீட்டில் முழுதாக இருக்க வேண்டும்.

அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கம். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது 0இல் தொடங்கும். அதை எண்ணாகப் படித்தால் முன்னிருக்கும் பூச்சியம் போய்விடும். எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கோப்புறை

உங்கள் திட்டக் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் 'கிளாட்' (.claude), அதற்குள் 'ஸ்கில்ஸ்', அதற்குள் 'எஸ்டேட்-பேரோல்' என்று கோப்புறைகள் உருவாக்குங்கள். எல்லாத் திட்டங்களுக்கும் வேண்டுமென்றால் இதே அமைப்பைப் பயனர் கோப்புறையில் வையுங்கள். உள்ளே 'ஸ்கில்.எம்டி' (SKILL.md) கோப்பு. இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்: 'ஸ்கில்' பெரிய எழுத்தில், மற்றவை சிறிய எழுத்தில். விண்டோஸ் நோட்பேட் கமுக்கமாக '.டிஎக்ஸ்டி' என்று பின்னொட்டு சேர்த்துவிடும். ஸ்கில் கண்ணில் படவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மூன்றாம் படி: தலைப்பகுதி

கோப்பின் முதல் வரியிலேயே மூன்று சிறுகோடுகள். பிறகு 'நேம்', 'டிஸ்கிரிப்ஷன்' என இரு வரிகள் (இச்சொற்களும் ஆங்கில எழுத்தில்), மறுபடி மூன்று சிறுகோடுகள். பெயர் 64 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். விளக்கம் 1,024 எழுத்துக்குள்.

உதவியாளர் தொடக்கத்தில் படிப்பது இந்த இரண்டு வரிகளை மட்டுமே. தேவை என்று தோன்றினால்தான் மீதியைத் திறக்கும். ஆகவே விளக்க வரியில் என்ன செய்யும் என்பதோடு எப்போது எடுக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். "சம்பளம் தொடர்பான உதவி" போதாது. "செக்ரோலிலிருந்து சம்பளச் சீட்டு, சேமநிதிப் பிடித்தம் கணக்கிடும். சம்பளம், காஜி, ஈபிஎஃப், கேடபிள்யூஎஸ்பி பற்றிக் கேட்கும்போது பயன்படுத்து" என்று, நீங்கள் வழக்கமாகத் தட்டும் சொற்களையே போடுங்கள் (காஜி என்றால் மலாயில் சம்பளம், கேடபிள்யூஎஸ்பி என்பது ஈபிஎஃப்பின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம்). விளக்கத்துக்கு நடுவே முக்காற்புள்ளியும் (:) அதையடுத்து இடைவெளியும் வந்தால் தலைப்பகுதி உடைந்துபோகும், தவிருங்கள்.

நான்காம் படி: உடல்

தாளில் எழுதிய விதிகளை இங்கே கட்டளை வாக்கியங்களாக எழுதுங்கள். 500 வரிக்குள் நிறுத்துங்கள். அட்டவணையை இதில் கொட்டாமல் அதே கோப்புறையில் தனிக் கோப்பாக வைத்து, "தொகையை இதிலிருந்து எடு, நீயாகப் பெருக்காதே" என்று குறிப்பிடுங்கள். விகிதம் மாறும் நாளில் அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். 1,705 வெள்ளிக் கணக்கையும் விடையோடு சேருங்கள். விதியை விட எடுத்துக்காட்டு நன்றாகப் பிடிபடும்.

ஐந்தாம் படி: சோதனை

உதவியாளரை மூடி, புதிதாகத் திறந்து, ஸ்கிலின் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள்: "1,705 வெள்ளிக்குச் சீட்டு அடி." 190, 224 வந்தால் சரி. ஸ்கிலையே எடுக்கவில்லை என்றால் விளக்க வரியில் கோளாறு. எடுத்தும் தவறினால் உடலில் கோளாறு. சாய்கோடு போட்டு ஸ்கிலின் பெயரைத் தட்டி நேரடியாக அழைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். எடுத்துக்காட்டில் இல்லாத 1,700 வெள்ளியையும் கேளுங்கள்; 187, 221 வர வேண்டும். 190, 224 என்றே வந்தால் நிரல் படியின் எல்லையைத் தாண்டி அடுத்த படியை எடுக்கிறது என்று பொருள்.

சோதனைக்கு உண்மையான தொழிலாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். ஏ/எல், ஏ/பி, பூச்சியத்தில் தொடங்கும் எண் மூன்றும் வரும்படி கற்பனைப் பெயர்களில் ஐந்து வரிச் செக்ரோல் ஒன்றை எழுதி, அதையும் ஸ்கில் கோப்புறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.