சத்தமில்லாமல்தான் மூழ்குவார்கள்: தடாகக் காவலுக்குப் போகும் தம்பிமாருக்கு

மட்டக்களப்புக் கடற்கரையில் இருக்கிற பாசிக்குடா ஹோட்டல்களில் உயிர்காப்பாளர் வேலைக்குப் போக ஆசைப்பட்டு வருகிற பொடியன்கள் பெரும்பாலும் வாவியிலும் கடலிலும் நீந்தி வளர்ந்தவர்கள், நீச்சலில் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரில் ஒருவர் மூழ்கிக்கொண்டிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதல் நாள் கேட்டால், எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: "கத்துவார் அண்ணன், கையைக் காட்டுவார்." பிழை அங்கேதான் தொடங்குகிறது.

கத்துவதற்கு மூச்சு வேண்டும். மூழ்குகிறவரின் வாய் தண்ணீருக்கு மேலே வருவது ஒரு கணம், அதற்குள் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் போதாது, பிறகு எப்படிக் கத்துவது? கையை ஆட்டவும் முடியாது, ஏனென்றால் கைகள் தம்பாட்டில் இரண்டு பக்கமும் விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கத் தொடங்கிவிடும், அதை அவரால் நிறுத்த முடியாது. நியூயோர்க்கின் ஓர்ச்சார்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, 1970களில் உண்மையாக மூழ்குகிறவர்களைப் படம்பிடித்துப் பார்த்து இதை எடுத்துச் சொன்னார். இந்த நிலை வந்தபிறகு ஆள் தண்ணீருக்குள் போய்விட 20 முதல் 60 விநாடிதான். கத்துகிறவரும் கையாட்டுகிறவரும்கூட ஆபத்தில்தான் இருக்கிறார், போகத்தான் வேண்டும், ஆனால் அவருக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது, வீசுகிற டியூபைப் பிடித்துக்கொள்வார். சத்தமில்லாதவருக்கு அந்த நேரம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹோட்டல் தடாகத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, தடாகம் நிறைய ஆட்கள். தரை சரிந்து ஆழமாகிற இடத்தில் ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை நேராக நிற்பதுபோல் தெரிந்தான். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், நனைந்த முடி கண்ணை மூடிக் கிடந்தது. விளையாடுகிற பிள்ளை கண்ணில் விழுந்த முடியை உடனே தள்ளிவிடும். இவன் தள்ளவில்லை, அதுதான் என் கண்ணில் பட்டது. கைகள் ஏணியில் ஏறுவதுபோல் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து இறக்கின, கால்கள் உதைக்கவேயில்லை. கைக்கெட்டும் தூரத்தில் தாய் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். நான் குதித்துத் தூக்கியதும், விளையாடுற பிள்ளையை ஏன் இழுக்கிறாய் என்று முதலில் என்னைத்தான் ஏசினார், பிறகு அவன் இருமி வாந்தியெடுத்ததைக் கண்டு அப்படியே படியில் இருந்துவிட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டிய தம்பி அந்த நேரம் துவாய் மடித்துக்கொண்டிருந்தான், அந்த வேலையையும் அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள். காவல் கதிரையில் இருக்கும்போது துவாய், இளநீர், போன் எதுவும் வேண்டாம். முதலாளி கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? உங்கள் பகுதியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை 10 விநாடிக்குள் பார்த்து முடிக்க வேண்டும், பார்த்த ஆளிடம் அடுத்த 20 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர முடியாத அளவுக்குப் பகுதி பெரிதென்றால் இன்னொருவர் வேண்டும். அடித்தளத்தை முதலில் பாருங்கள், பிறகு நடுத்தண்ணீர், கடைசியில் மேல்மட்டம், ஏனென்றால் மேலே இருக்கிற கூத்தும் கும்மாளமும் கண்ணை இழுத்துப் பிடித்துவிடும். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே ஆள் ஒரே கதிரையில் இருந்தால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது, ஆளை மாற்றுங்கள்.

நம்முடைய கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக வந்து தண்ணீரில் பளபளக்கும், அந்தப் பளபளப்புக்குக் கீழே ஒரு ஆள் கிடந்தாலும் தெரியாது. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கறுப்பு ரீசேட் ஒன்றில் கல்லைச் சுற்றிக் கட்டி ஆழமான இடத்தில் போட்டுவிட்டு, காலை எட்டு மணி, நண்பகல், பின்னேரம் நான்கு மணி என்று மூன்று தடவை கதிரையில் இருந்து தேடிப் பாருங்கள். தெரியாத நேரத்துக்குக் கதிரையை வேறு பக்கம் மாற்றுங்கள், அல்லது எழுந்து கரையோரமாக நடந்து பாருங்கள். மாரி மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கி, அடியில் இருக்கிற வடிகால் மூடியே தெரியவில்லை என்றால் அன்றைக்குத் தடாகத்தைப் பூட்டுங்கள், வேறு பேச்சில்லை.

மூச்சடக்கும் போட்டியையும் நிறுத்த வேண்டும், அதில் மூழ்குகிறவன் நன்றாக நீந்தத் தெரிந்தவன். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு உள்ளே போகும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடும், மூச்சு வேண்டும் என்ற தவிப்பை எழுப்புவதே அதுதான். தவிப்பு வருவதற்கு முன்பே ஒக்சிசன் தீர்ந்து மயங்கிவிடுவான், வெளியே இருக்கிற கூட்டாளிகள் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆளைக் கண்டால் விசில் அடித்துவிட்டு இறங்குங்கள். கரைக்குப் பக்கத்தில் என்றால் கம்பையோ டியூபையோ நீட்டினால் போதும். உள்ளே போக வேண்டி வந்தால் பின்பக்கமாகப் போங்கள், உங்களுக்கும் அவருக்கும் நடுவில் டியூப் இருக்க வேண்டும். கழுத்தைக் கட்டிப் பிடித்துவிட்டால் இழுபறிப்படாமல் நீங்கள் கீழே போங்கள், அவருக்கு மேலே வரத்தான் தேவை, விட்டுவிடுவார்.

கரையில் ஏற்றியதும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டையும் செய்யவே வேண்டாம், அந்த நேரம் உயிர் போகிற நேரம். அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து தடவை ஊதுங்கள். அப்படியும் உயிர்க்குறி தெரியவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊது, மாறி மாறி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். இன்னொருவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்பியுலன்ஸை வரச் சொல்லட்டும், அதற்குக் காசு எடுக்க மாட்டார்கள்.

மூச்சு வந்து எழுந்து உட்கார்ந்தாலும் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பியே ஆக வேண்டும், நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சை முட்ட வைக்கும். "இப்ப பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று தாய் தகப்பன் சொல்வார்கள். விடாதீர்கள், ஏற்றி அனுப்புங்கள்.