திருகோணமலையிலிருந்து மின்விளையாட்டுத் துறைக்குள் நுழைவது எப்படி?

ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டுத் துறையில் தொழில் தேட விரும்பும் திருகோணமலை இளைஞர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: தாமே ஆடப்போகிறாரா, அல்லது ஆட்டத்தைச் சுற்றி நடக்கும் வேலைகளில் ஒன்றைக் கற்கப்போகிறாரா? எமது ஊரில் இருந்துகொண்டு தொடங்குபவருக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் பொருத்தமானது என்பது என் கருத்து. திறமைக் குறைவால் அல்ல, தூரத்தால் அவ்வாறு சொல்கிறேன்.

ஒளியிழை வடத்தில் தகவல் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் செல்வதால், விளையாட்டை இயக்கும் மையக் கணினியான சேர்வர் ஆயிரம் கிலோமீற்றர் தள்ளியிருந்தால் போய்வருவதற்கே 10 மில்லிவிநாடி ஆகிறது. திருகோணமலையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,500 கிலோமீற்றரும் சிங்கப்பூர் சுமார் 2,600 கிலோமீற்றரும் தொலைவில் உள்ளன. வடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதாலும் இடையில் பல கருவிகளைக் கடக்க வேண்டியிருப்பதாலும், திரையில் தெரியும் பிங் எனப்படும் இப்போய்வரும் நேரம் இக்கணக்கிலும் அதிகமாகவே இருக்கும். வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற சுடும் விளையாட்டுகளில், சேர்வருக்கு அருகில் வசிக்கும் போட்டியாளருக்கு எதிராக இத்தாமதம் உண்மையான பாதகமாகும். வர்ணனையாளருக்கும் காணொளித் தொகுப்பாளருக்கும் தரவுப் பகுப்பாய்வாளருக்கும் அதே தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

பரிசுத்தொகையைப் பார்த்துத் தொழிலைத் தீர்மானிக்கவும் வேண்டாம். டோட்டா 2 விளையாட்டின் உலகக் கிண்ணமாகக் கருதப்படும் தி இன்டர்நேஷனல் போட்டியின் பரிசுத்தொகை 2021இல் 4 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. 2023இல் அது சுமார் 30 இலட்சம் டொலராகச் சுருங்கியது. இரசிகர்கள் விளையாட்டுக்குள் வாங்கும் பொருட்களின் வருவாயில் நான்கிலொரு பங்கு பரிசுக்குச் சென்றுவந்தது; விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அப்படி விற்கும் பொருட்களை 2023இல் வெகுவாகக் குறைத்ததே இதற்குக் காரணம். நிறுவனம் ஒன்றின் ஒரு முடிவு இத்துறையில் எவ்வளவு தூரம் பாயும் என்பதை இதிலிருந்தே அறியலாம். அப்படியும் ஆடியே தீருவேன் என்பவர், படிப்பைக் கைவிடாமல், வயது எல்லை உட்பட அந்தந்த விளையாட்டு நிறுவனம் விதித்துள்ள போட்டி விதிகளை முதலில் வாசித்துவிட்டு, உள்நாட்டுப் போட்டிகளில் நிலையான அணி ஒன்றுடன் பங்குபற்றி வரட்டும்.

ஆட்டத்தைச் சுற்றியுள்ள வேலைகளில் தமிழ் பேசுபவருக்கு மிக நெருக்கமானது நேர்முக வர்ணனை. வழக்கமாக இருவர் அமர்வர். ஒருவர் நடப்பதை நடக்கும் வேகத்திலேயே சொல்வார், மற்றவர் அது ஏன் நடந்தது என்பதை இடைவெளிகளில் விளக்குவார். இவ்விரண்டும் வெவ்வேறு திறன்கள் என்பதால், உங்களுக்கு எது வாய்க்கிறது என்று முயன்று பார்த்தே முடிவு செய்யுங்கள். பயிற்சிக்குச் செலவில்லை. பதிவான போட்டியொன்றின் ஒலியை அணைத்துவிட்டு, அதன்மேல் நீங்களே பேசிப் பதிவுசெய்து, மறுநாள் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடத்தில் கூச்சல் மட்டுமே இருக்கிறது என்பது அப்போது தெரியும். ஆயுதங்களின் பெயர்களையும் வரைபட இடங்களின் பெயர்களையும் ஆடுபவர்கள் சொல்வது போலவே சொல்லிவிட்டு, வாக்கியத்தை நல்ல தமிழில் கொண்டுசெல்பவரைச் சென்னையிலும் கோலாலம்பூரிலும் உள்ளவர்களும் கேட்பார்கள். திருகோணமலைப் பேச்சை மறைத்துக்கொண்டு வேறு ஊர்த் தமிழைப் பாவனை செய்யத் தேவையில்லை. செயற்கைத்தனம் இரண்டு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

இன்னும் குறைவாகவே அறியப்பட்ட, ஆனால் திறமையானவர்களுக்குத் தட்டுப்பாடுள்ள வேலை ஒப்சேர்வர் என்பதாகும். ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும்போது பத்துப் பேரின் பார்வையில் எதைப் பார்வையாளருக்குக் காட்டுவது என்பதை இவரே தீர்மானிக்கிறார். சண்டை தொடங்கிய பின் அங்கே தாவுபவர் எப்போதும் பிந்திவிடுவார். ஆகவே திரையின் மூலையில் அனைவரின் இடத்தையும் காட்டும் சிறு வரைபடத்தைப் படித்து, அடுத்த மோதல் எங்கே வெடிக்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தும் பிங் காரணமாக மேலே செல்ல முடியாதவர்கள் இந்த இருக்கையில் சிறக்கக்கூடும்.

ஒளிபரப்புப் பக்கத்தில் காட்சிகளை மாற்றுபவர், மீள்காட்சி எடுப்பவர், ஒலியைச் சமப்படுத்துபவர், திரை வரைகலை செய்பவர் எனப் பலர் உள்ளனர். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் இவற்றின் அடிப்படை முழுவதையும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். முழு உயர் தெளிவில், விநாடிக்கு 60 சட்டகங்களுடன் நேரலை செய்ய ஏறத்தாழ 6 மெகாபிட் பதிவேற்ற வேகம் வேண்டும் என்பதால், இணைய இணைப்பு எடுக்கும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் விளம்பரத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். மின்வெட்டைக் கருதி ரவுட்டருக்கும் கணினிக்கும் மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் ஒரு யூ.பி.எஸ். மின்கலக் கருவி அவசியம். ஆடுபவர்கள் நேரலையைப் பார்த்து எதிரணி நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளாதபடி ஒளிபரப்பைச் சில நிமிடங்கள் தாமதித்து அனுப்பும் வழக்கத்தையும் தெரிந்துவைத்திருங்கள்.

போட்டி நிர்வாகி, நடுவர், அணி முகாமையாளர், பயிற்றுநர், சமூக ஊடகப் பொறுப்பாளர், மென்பொருட் சோதனையாளர், விளையாட்டுகளைத் தமிழாக்குபவர் ஆகிய வேலைகளும் உண்டு. இவற்றுள் நிர்வாகத்தைக் கற்க மிக எளிய வழி, நீங்களே ஒரு போட்டியை நடத்துவதாகும். பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் துணையோடு பப்ஜி மொபைல் போட்டியொன்றை நடத்திப் பாருங்கள். நால்வர் கொண்ட 16 அணிகளைப் பதிவுசெய்வது, ஒவ்வொரு சுற்றிலும் இடத்துக்கும் வீழ்த்தலுக்கும் தனித்தனியே புள்ளி வழங்கி விரிதாளில் கூட்டுவது, முறைப்பாடு வந்தால் எழுதிவைத்த விதியின்படி தீர்ப்பது, நேரம் பிந்திய அணியிடம் தயங்காமல் இல்லை என்று சொல்வது ஆகிய அனைத்தையும் ஒரே வார இறுதியில் அனுபவித்துவிடுவீர்கள். அதன் விதிப்பத்திரமும் முடிவு அட்டவணையும் பதிவான காணொளியும் பின்னர் வேலை கேட்கும்போது காட்டுவதற்கான சான்றாகும். இத்துறையில் சான்றிதழைவிடச் செய்து காட்டிய வேலையே முதலில் பார்க்கப்படுகிறது.

ஆயினும் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகம், கணினி விஞ்ஞானம் ஆகிய துறைகளில் கற்க வழியுண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கற்கைகள் நிறுவகத்தின் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை ஊரில் இருந்தபடியே படிக்கலாம். இத்தகைமைகள் மின்விளையாட்டு கைகொடுக்காத காலத்தில் தொலைக்காட்சியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் நிகழ்ச்சி முகாமைத்துவத்திலும் செல்லுபடியாகும்.

அந்தக் காலம் வரக்கூடியதே. பப்ஜி மொபைல் இந்தியாவில் 2020 செப்டெம்பரிலும், ஃப்ரீ ஃபயர் 2022 பெப்ரவரியிலும் தடைசெய்யப்பட்டன. அவற்றை மட்டுமே நம்பியிருந்தவர்களின் பிழைப்பு ஓர் அரசாணையோடு ஆட்டங்கண்டது. 2018இல் பெரும் முதலீட்டுடன் தொடங்கிய, ஓவர்வாட்ச் என்ற சுடும் விளையாட்டின் தொழில்முறைத் தொடரான ஓவர்வாட்ச் லீக் 2023உடன் முடிந்துவிட்டது. எனவே ஒரு விளையாட்டில் ஆழமாகவும், வேறொன்றில் ஓரளவாவது பரிச்சயம் வைத்திருங்கள்.

வீட்டில் தயக்கம் இருந்தால், ஜகார்த்தாவில் 2018இல் காட்சிப் போட்டியாக இருந்த மின்விளையாட்டு, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கப் போட்டியாகியது என்பதை அப்பா, அம்மாவிடம் காட்டலாம். பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டச் செயலிகளும் மின்விளையாட்டு என்ற போர்வையிலேயே விளம்பரம் தேடுகின்றன. அவற்றுக்காகக் குரல் கொடுக்கவோ காணொளி செய்யவோ கேட்டால் மறுத்துவிடுங்கள். நல்ல நிறுவனங்கள் அத்தகைய பெயரை விரும்புவதில்லை.

வேலை கிடைத்ததும் எழுத்துமூல ஒப்பந்தம் கேளுங்கள். எத்தனை மணிநேரம், எந்தத் திகதியில் பணம், பதிவான காணொளியின் உரிமை யாருக்கு, போட்டி இரத்தானால் என்ன ஆகும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர் பெற்றோர் இன்றிக் கையொப்பமிடக் கூடாது. பரிசுத்தொகையில் அணி எடுக்கும் பங்கையும் இலக்கமாகவே எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் பெறுபவர், அது எந்த வழியாக வங்கிக் கணக்குக்கு வரும் என்பதை வேலை தொடங்குமுன்னரே வங்கியில் விசாரித்து, வரி விதிகள் அடிக்கடி மாறுவதால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பணத்துக்குப் பதிலாக அறிமுகம் கிடைக்கும் என்று சொல்பவர்களுக்கு முதல் போட்டியில் உதவலாம்; இரண்டாவது போட்டிக்குக் கட்டணத்தைச் சொல்லிவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள்.