மலை அணிலைப் பார்க்க நிலத்திலிருந்து தொடங்குங்கள்

மலை அணில் என்ற பெரிய மர அணிலைத் தேடி இலங்கை மலைநாட்டின் ஹக்கலை, ஹோட்டன் சமவெளிப் பக்கம் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே கழுத்தை நோகவைப்பார்கள். முதலில் மரத்தடியைப் பாருங்கள். பாதி கடித்த பழம், புதிதாக ஒடிந்த பச்சைக் குச்சி கிடந்தால் மேலே அணில் இருக்கலாம். கடித்த இடம் வெளிறி ஈரமாயிருந்தால் இப்போதுதான் விழுந்தது, பழுப்பேறியிருந்தால் நேரமாகிவிட்டது. குச்சிக் குவியலோடு இலையும் சேர்ந்த பந்து மாதிரிக் கூடு கிளைக் கவட்டில் தெரியும். ஒரே அணில் பல கூடு கட்டும், ஆகவே கூட்டைக் கண்டதும் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டாம்.

விடிந்த கையோடு போய்விடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் பக்கத்து மரமே தெரியாது. ஓரிடத்தில் 20 நிமிடமாவது அசையாமல் இருங்கள். அணில் கரகரவென்று தொடர்ச்சியாகக் கத்தினால் உங்களைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். அப்போது நடந்தால் கிளைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

எது எதுவென்று குழம்பவேண்டாம். உயர்மலையில் மலை அணிலின் முதுகு கருமை, வயிறு மங்கிய மஞ்சள், வால் உடம்பளவு நீளம். தரையோரப் புதரில் கோடு மங்கலாக ஓடும் சின்னது வேறு இனம். முதுகின் நடுக்கோடு செம்மஞ்சளாகப் பளிச்சென்றிருந்தால் அது இன்னொரு சின்ன அணில் இனம்.

8x42 தொலைநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். குளிரில் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும். மஃப்ளரை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுங்கள். அணிலுக்கு பிஸ்கட் போடவே போடாதீர்கள்.