மெதுவான கணினியும் கிளீனர் மோகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைத் தவறாமல் பார்க்கிறேன். வீட்டுக் கணினி மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், ஏன் என்று கேட்பதற்கு முன்பே ஒரு கிளீனரை, அதாவது குப்பையை நீக்கிக் கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருளை, இறக்கி ஓட்டிவிடுகிறார்கள். எங்கள் தலைமுறையும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதையே செய்தது. திருட்டு மென்பொருளை இறக்காதீர்கள், கண்ட விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரெஜிஸ்ட்ரியைச் "சுத்தம்" செய்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். விண்டோஸும் அதில் நிறுவிய மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் தரவுத்தளம் ரெஜிஸ்ட்ரி. எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்கும், எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்), எது எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மென்பொருளை நீக்கிய பிறகும் சில பதிவுகள் அங்கேயே தங்கிவிடுவது உண்மை. அந்த எச்சங்கள்தான் கணினியை இழுத்துப் பிடிக்கின்றன என்பது பொய். விண்டோஸ் ஒரு பதிவைத் தேடும்போது ரெஜிஸ்ட்ரி முழுவதையும் வரிவரியாகப் படிப்பதில்லை; பாதையைப் பிடித்து நேரே அந்தக் கிளைக்குப் போய்விடுகிறது. தொலைபேசி டைரக்டரியில் ஊரைவிட்டுப் போனவர்கள் சிலரின் பெயரை அடித்துவிட்டால், உங்கள் நண்பரின் எண் சீக்கிரம் கிடைத்துவிடுமா?

பலன் இல்லை, சரி. ஆபத்து எங்கிருந்து வருகிறது? ஒரு பதிவு தேவையா இல்லையா என்று கிளீனருக்குத் தெரியாது, அது ஊகிக்கிறது. பதிவு சுட்டும் கோப்பு அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை என்றால் "அநாதைப் பதிவு" என்று முத்திரை குத்திவிடுகிறது.

என்னிடம் பயின்ற ஒருவர், புகைப்படத் திருத்த வேலை செய்யும் ஒருவருடைய வீட்டுக் கணினியில் இதைச் செய்தார். இடப் பற்றாக்குறையால் அந்த வீட்டுக்காரர் தன் முக்கியமான மென்பொருளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நிறுவியிருந்தார். கிளீனர் ஓடியபோது அந்த டிஸ்க் இணைப்பில் இல்லை. கோப்புகளைக் காணாத கிளீனர் அத்தனையையும் பிழைப் பட்டியலில் சேர்த்தது. "எல்லாவற்றையும் சரிசெய்" என்ற பொத்தானை என்னிடம் பயின்றவர் அழுத்தினார். நகல் எடுக்கட்டுமா என்று அது கேட்டதற்கு, அவசரத்தில் "வேண்டாம்". பிறகு டிஸ்க்கை இணைத்தால், படத்தை எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது. அந்த மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்திருந்த செருகுநிரல்கள் வேலை செய்யவில்லை. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் அதன் பெயரே இல்லை. பழைய பதிப்பு என்பதால் மறுபடி நிறுவவும் வழியில்லை, நிறுவல் கோப்பு எப்போதோ தொலைந்துவிட்டது. "சார், அவ்வளவு பிழை காட்டியதே!" என்றார் என்னிடம் பயின்றவர். கணினி ஒரு துளியும் வேகம் கூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய விண்டோஸ், ரெஜிஸ்ட்ரியின் நகலை ரெக்பேக் என்ற ஃபோல்டரில் தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்த வழக்கம் நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் கோப்புகள் இருக்கும், அளவு பூஜ்யம். கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் வசதியும் பல கணினிகளில் அணைந்தே கிடக்கிறது. கிளீனர் எடுத்துத் தரும் நகல் போதாதா என்றால், விண்டோஸ் திறந்தால்தானே அதைச் சொடுக்கித் திரும்பச் சேர்க்க முடியும்? ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டிய அளவுக்குச் சிக்கல் வரலாம் என்றும் அது எச்சரிக்கிறது.

ஒரு குறிப்பிட்ட பதிவுதான் கோளாறு என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துவிட்டு நீக்குங்கள். மொத்தமாக அள்ளுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஸ்கேன் காட்டும் சிவப்பு எண்ணை நம்புவது

அப்போதுதான் விண்டோஸ் நிறுவிய, வேறெதுவுமே இல்லாத கணினியில் ஒரு கிளீனரை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் பல கிளீனர்கள் "பிழைகள்" கண்டுபிடிக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் காட்டும் முதல் பாடம் இதுதான்.

சில நேரம் இது வெறும் மிகைப்படுத்தலோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ஆபீஸ் டிப்போ கடைகளில் வாடிக்கையாளர்களின் கணினியைச் சோதிக்க ஒரு மென்பொருள் இருந்தது. சோதனையின் தொடக்கத்தில் "கணினி மெதுவாக இருக்கிறதா" என்பது போன்ற நான்கு கட்டங்கள். அவற்றில் ஒன்றில் டிக் போட்டாலே தீம்பொருள் (வைரஸ் போன்ற கெடுதல் மென்பொருள்) அறிகுறி தென்பட்டதாக முடிவு வந்துவிடும் என்பது நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. 2019-இல் ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளை வழங்கிய சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் தந்து வழக்கை முடித்துக்கொண்டன. கட்டணம் கட்டினால்தான் சரிசெய்வேன் என்று பயமுறுத்தும் மென்பொருள்களை 2018 மார்ச்சிலிருந்து விண்டோஸ் டிஃபென்டரே வேண்டாத மென்பொருள் என்று வகைப்படுத்தி நீக்குகிறது.

ராம் பூஸ்டர்

கணினியின் நினைவகத்தை (ராம்) காலி செய்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள் இது. வேண்டாம். நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்குக்குத் துரத்திவிட்டுக் காலியிடம் காட்டும். அடுத்த சொடுக்கில் எல்லாம் திரும்பி வர வேண்டும்.

பெயர் பெற்ற கிளீனர்தானே என்ற தைரியம்

2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை சிகிளீனரின் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்கப்பட்ட 5.33 பதிப்பில் தீம்பொருள் ஒளிந்திருந்தது. தயாரித்தவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பமும் செல்லுபடியானது. 22 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. தயாரித்தவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் வீட்டுக்குள்ளேயே திருடன் புகுந்திருந்தான். நிர்வாகி உரிமையோடு ஓடும் ஒரு மென்பொருள் கெட்டால் கணினி முழுவதும் கெடும் என்பதை மறக்கக் கூடாது. பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். கணினி தொடங்கும்போதே கூட எழுந்து உட்காரும் கிளீனர், வேகத்தைத் தின்னும் இன்னொரு மென்பொருள், அவ்வளவுதான்.

எல்லாக் கட்டங்களிலும் டிக் போடுவது

விண்டோஸின் சொந்த டிஸ்க் கிளீனப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடக் கூடாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து சில காலம் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருந்தது. இறக்கியதையெல்லாம் அங்கேயே போட்டு வைப்பவர்கள் எத்தனை பேர்! உலாவியின் குக்கீகளை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். சேமித்த கடவுச்சொற்களும் சேர்ந்து போனால், "நீங்கள் தொட்ட பிறகுதான் இப்படி" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயம்தான்.

பெரிதாகத் தெரியும் ஃபோல்டரை வெட்டி எறிவது

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டர் பல ஜிபி அளவுக்கு வீங்கியிருக்கும். அதை அழித்தால் அன்று ஒன்றும் நடக்காது. மாதங்கள் கழித்து ஒரு மென்பொருளை நீக்கவோ புதுப்பிக்கவோ போகும்போது, தேவையான நிறுவல் கோப்பைக் காணவில்லை என்று வந்து நிற்கும். விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரின் அளவோ பாதி மாயை. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருப்பதுபோலக் கணக்காகிறது.

எஸ்எஸ்டியில் காலியிடத்தைத் துடைப்பது

துடைப்பது என்றால் காலியிடம் முழுவதிலும் எதையாவது எழுதி நிரப்புவது. எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க் எழுத எழுதத் தேயும், ஆகவே தேய்மானம் மட்டுமே மிச்சம்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் கிளீனர் ஓட்டுவது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் வரிசையைக் கவனியுங்கள். பயன்பாடு 100 சதவீதம் என்று நிற்கிறது, ஆனால் வினாடிக்கு ஒரு எம்பிகூட நகரவில்லை என்றால், அது குப்பைப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு, டிஸ்க்கையே சந்தேகப்படுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில், மறுஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டர்கள் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட சிறு பகுதிகள்), நிலுவையில் உள்ள செக்டர்கள் (கெட்டதாகச் சந்தேகிக்கப்படுபவை) ஆகிய இரண்டின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. இந்த நிலையில் ஆழ்ந்த ஸ்கேன், டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது) என்று ஓட்டினால் டிஸ்க்கின் மிச்ச மூச்சையும் அதிலேயே செலவழித்துவிடுவீர்கள். எதையும் அழிக்காமல், எதையும் நிறுவாமல், முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். புது எஸ்எஸ்டி, விண்டோஸ் எல்லாம் அதற்குப் பிறகு.