மஸ்ட், கேன், ஷுட் பின்னாடி என்ன வரும்?

எஸ்பிஎம் (மலேசியாவுல ஸ்கூல் முடிக்கிறப்ப எழுதுற பரீட்சை) எழுதப் போற பிள்ளைங்க இதைக் கவனிங்க, இங்கிலீஷ்ல கேன், குட் (could), மே, மஸ்ட், ஷுட், வில் எது வந்தாலும் பின்னாடி வர்ற வெர்ப் மொட்டையாத்தான் நிக்கும், எஸ், இடி, ஐஎன்ஜி எதுவும் ஒட்டாது, நடுவுல 'டு'வும் வராது. 'ஷி கேன் ஸ்பீக்' தான் சரி, 'கேன் ஸ்பீக்ஸ்' தப்பு. 'மஸ்ட் டு கோ'ன்னு நல்லா படிக்கிற பிள்ளைங்களே எழுதுறாங்க, 'ஹேவ் டு'வோட கலந்துடுது, அதான்.

மஸ்ட்டும் ஹேவ் டுவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா 'நாட்' சேர்ந்தா ரெண்டும் வேற வேற பக்கம் போயிடும், இதுதான் ரொம்ப முக்கியம். உதாரணத்துக்கு, கோலாலம்பூர் செந்தூல்ல உங்க வீட்டு தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு ஃபிரண்டைக் கூப்பிடுறீங்க. 'யூ டோன்ட் ஹேவ் டு பிரிங் ஃபுட்'னா சாப்பாடு கொண்டு வரணும்னு இல்ல, கொண்டு வந்தாலும் சந்தோஷம். 'யூ மஸ்ட் நாட் பிரிங் ஃபுட்'னு அனுப்பினா கொண்டு வரவே கூடாதுன்னு கண்டிஷனா சொன்ன மாதிரி, பாவம் மனசு கஷ்டப்படும்.

பாஸ்கிட்ட வாட்சாப்ல லீவு கேட்டா 'குட் ஐ டேக் லீவ் டுமாரோ'ன்னு கேளுங்க, 'கேன் ஐ'யை விட மரியாதையா இருக்கும். ஆனா உங்ககிட்ட யாராச்சும் அப்படிக் கேட்டா பதில் 'யெஸ், யூ கேன்' தான், 'யூ குட்' இல்ல.